அஞ்சல் வழி மருத்துவம்: 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நோயாளியின் கடிதமும் மருத்துவரின் கேள்விப்பட்டியலும்

1784-ஆம் ஆண்டு மார்ச் மாதம், லண்டனில் மூச்சுத்திணறலாலும் நீர்கோத்த வீக்கத்தாலும் அவதிப்பட்டுக்கொண்டிருந்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனுக்காக அவருடைய நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல் எடின்பரோ மருத்துவர்கள் மூவருக்குக் கடிதம் எழுதினார். வில்லியம் கல்லன், ஜான் ஹோப், அலெக்சாண்டர் மன்றோ ஆகிய அந்த மூவரும் நோயாளியை நேரில் பார்க்காமலேயே ஆலோசனை எழுதி அனுப்பினார்கள். ஜான்சனுக்கு மருத்துவர் கிடைக்காத நிலை இல்லை. வில்லியம் ஹெபர்டன், ரிச்சர்ட் பிராக்ல்ஸ்பி போன்ற தலைசிறந்த லண்டன் மருத்துவர்கள் அவர் வீட்டுக்கே வந்து கவனித்துவந்தார்கள். நாடியைத் தொட்டுப் பார்க்க ஆள் அருகிலேயே இருந்தும், நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்தவர்களின் கருத்து வேண்டியிருந்தது; அது மதிப்பும் பெற்றது. தபால் வழி மருத்துவ ஆலோசனையைப் போக்குவரத்து வசதியில்லாத காலத்தின் தற்காலிக ஏற்பாடாகக் கருதுவது வழக்கம். ஜான்சன் விவகாரம் அந்தக் கருத்தை முதலிலேயே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

இந்த வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் புதிதாக முளைத்ததல்ல. 13-ஆம் நூற்றாண்டில் போலோன்யாவின் தட்டியோ ஆல்டெரோட்டி காலத்திலிருந்தே, ஒரு தனி நோயாளிக்கென எழுதித் தரப்படும் ஆலோசனைக் குறிப்பு ஓர் எழுத்து வகையாக நிலைபெற்றிருந்தது. அதை மருத்துவர் மருத்துவருக்கு எழுதினார், மொழி லத்தீன், அது மாணவர்களுக்குப் பாடமாகவும் பயன்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் மாறியது எழுதுபவர் யார் என்பதும், எவ்வளவு எழுதப்பட்டது என்பதும்தான். பாரிஸில் எத்தியேன் பிரான்சுவா ஜோஃப்ருவா, லண்டனில் ஹான்ஸ் ஸ்லோன், ஹாலேயில் பிரீட்ரிஷ் ஹோஃப்மன், ஜெனீவாவில் தியோடோர் திரோன்ஷான் என்று பெயர்பெற்ற மருத்துவர்களுக்கெல்லாம் கடிதங்கள் வந்தன. எழுதியவர்களில் நோயாளிகளே இருந்தார்கள். கணவர்கள், தாய்மார்கள், ஊர்ப் பாதிரியார், உள்ளூர் அறுவை மருத்துவர், மருந்துக்கடைக்காரர் ஆகியோரும் இருந்தார்கள். அவரவர் வீட்டு மொழியில் எழுதினார்கள். எடின்பரோ மருத்துவர் கல்லூரி பாதுகாக்கும் கல்லனின் கடிதத் தொகுப்பு 1755 முதல் அவர் இறந்த 1790 வரை நீள்கிறது; அதில் 5,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் உள்ளன. அனுப்பிய ஒவ்வொரு பதிலுக்கும் படி எடுத்து வைத்துக்கொள்வது கல்லனின் வழக்கம். முதலில் அதற்கு எழுத்தர் இருந்தார். ஜேம்ஸ் வாட் 1780-இல் உரிமம் பெற்ற படியெடுக்கும் எந்திரம் வந்ததும், ஈரத்தாளில் மையைப் பதிய வைக்கும் அந்த முறைக்கு அவர் உடனே மாறிக்கொண்டார்.

இந்தக் கடிதங்களை இருபதாம் நூற்றாண்டு வரலாற்றாளர்கள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வாசித்தார்கள். நிக்கலஸ் ஜூசன் 1976-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இது: 18-ஆம் நூற்றாண்டில் பணமும் அந்தஸ்தும் நோயாளியிடம் இருந்தன, ஆகவே மருத்துவம் அவருடைய சொற்களைச் சுற்றியே அமைந்தது, மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் வந்தபிறகு அந்த மனிதர் மருத்துவச் சிந்தனையிலிருந்தே மறைந்துபோனார். 1985-இல் ராய் போர்ட்டர், மருத்துவ வரலாற்றை நோயாளியின் பக்கமிருந்து எழுத வேண்டும் என்று அழைப்பு விடுத்தபோது, கடிதங்கள் முதன்மைச் சான்றாகிவிட்டன. மருத்துவரின் நூல்களில் கேட்காத குரல் அவற்றில் கேட்கும் என்ற நம்பிக்கை பரவியது. அந்த அழைப்புக்கு மருத்துவ வரலாறு பெரிதும் கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் ஆலோசனைக் கடிதத்தை நோயாளியின் சுதந்திரக் குரலாகக் கொள்வதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது என்று கருதுகிறேன். நோயாளியின் சொல் அந்த மருத்துவத்துக்கு இன்றியமையாததாக இருந்தது என்பது உண்மை. இன்றியமையாததாக இருந்ததனாலேயே அதை ஒழுங்குபடுத்தும் முயற்சியும் கடிதத்துக்குள்ளேயே தொடங்கியது. தன் வேதனையை மருத்துவர் கேட்கும் கேள்விகளின் வரிசையில் அடுக்கிச் சொல்ல ஐரோப்பிய நோயாளி பழகிய பள்ளி இந்தக் கடிதங்கள்தான்.

நேரில் பார்க்காமல் நோயைக் கணிப்பது அன்றைய அறிவுக்கு ஏன் முரணாகத் தோன்றவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். மோன்பெலியேவின் பிரான்சுவா புவாசியே த சோவாஜ், தாவரவியலார் செடிகளை வகைப்படுத்துவதுபோல நோய்களை வகைப்படுத்தினார். அவர் வழியில் 1769-இல் வெளியான கல்லனின் நோய் வகைப்பாட்டு நூல் எல்லா நோய்களையும் காய்ச்சல்கள், நரம்புக் கோளாறுகள், உடல் நலிவு நோய்கள், உறுப்பு சார்ந்தவை என்று நான்கு பெரும் வகுப்புகளில் அடக்கியது. இந்தப் பிரிவினை வெளியே தெரியும் அறிகுறிகளையும், அவை தோன்றும் வரிசையையும், சேர்ந்து வரும் விதத்தையும் அடிப்படையாகக் கொண்டது. உள்ளுறுப்பில் என்ன சிதைவு என்பது அதில் முதன்மை இடம் பெறவில்லை. இப்படிப்பட்ட வகைப்பாட்டுக்குத் தேவை ஒரு நல்ல வரலாறு: எப்போது தொடங்கியது, எந்த உணவுக்குப் பின் கூடுகிறது, தூக்கம் எப்படி, மலம் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்கு வந்தது. இவை அனைத்தையும் தாளில் அனுப்ப முடியும். சிகிச்சையும் அப்படியே. கல்லன் பரிந்துரைத்தவற்றில் பெரும்பங்கு உணவுக் கட்டுப்பாடு, குதிரையேற்றம், ஃபிளானல் உடை, உறங்கும் நேரம் போன்ற வாழ்க்கைமுறை ஒழுங்குகள். அவற்றை எழுதி அனுப்பலாம், வாசித்துக் கடைப்பிடிக்கலாம். கடிதம் வந்து சேரும் நாட்களில் கடும் காய்ச்சல் நோயாளி ஒன்று குணமாகியிருப்பார் அல்லது இறந்திருப்பார். அதனால்தான் கடிதங்களில் வயிற்றுக் கோளாறும், கவுட் மூட்டுவலியும், நரம்புத் தளர்ச்சியும், நெடுநாள் இருமலும் நிறைந்திருக்கின்றன.

நோயாளியின் சொல் ஒழுங்குபடுத்தப்பட்ட விதத்துக்கு மிக வலுவான சான்று லோசானிலிருந்து வருகிறது. அங்கே தொழில் செய்த சாமுவேல் ஒகுஸ்த் திசோ 1761-இல் வெளியிட்ட 'மக்களுக்கு உடல்நல ஆலோசனை' என்ற நூல் பல ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, அந்த நூற்றாண்டில் மிகுதியாகப் படிக்கப்பட்ட மருத்துவ நூல்களில் ஒன்றாயிற்று. மருத்துவர் இல்லாத கிராமங்களில் ஏழை நோயாளிகளைக் கவனிக்கும் பாதிரியார், நிலவுடைமையாளர், பள்ளி ஆசிரியர், அறுவை மருத்துவர் ஆகியோருக்காக அது எழுதப்பட்டது. அதில் ஒரு பகுதி, மருத்துவரிடம் ஆலோசனை கேட்பவர் கட்டாயம் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகளின் பட்டியல். நோயாளியின் வயது என்ன, முன்பு ஆரோக்கியமாக இருந்தாரா, எப்படி வாழ்கிறார், எத்தனை நாளாக நோய், எவ்வாறு தொடங்கியது, காய்ச்சல் உண்டா, நாடி கடினமா மென்மையா, எழுந்து நடக்கிறாரா படுக்கையிலேயே இருக்கிறாரா, தாகம் எப்படி, வாயில் என்ன சுவை, வயிற்றுப்போக்கும் சிறுநீரும் எப்படி என்று அது நீள்கிறது. பெண்களுக்கு மாதவிடாயும் கருத்தரிப்பும் பற்றிய கேள்விகள் தனியே உண்டு. குழந்தைகளுக்கும் தனிக் கேள்விகள் உண்டு. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத உட்காரும் பாதிரியாரின் முன் இருப்பது, அவருக்குச் சொல்லத் தோன்றியதை நிரப்பும் வெற்றுத்தாள் அல்ல. எது நோயைப் பற்றிய செய்தி, எது வெறும் புலம்பல் என்பதைப் பட்டியல் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. நாடியைக்கூடத் தொலைவில் இருக்கும் மருத்துவர் வேறொருவர் விரல் வழியே தொட்டுப் பார்க்க முடிந்தது. அந்த விரல் எதைத் தேட வேண்டும் என்று அவர் முன்பே கற்பித்திருந்தார்.

திசோவுக்கு வந்த கடிதங்களில் 1,200-க்கும் மேற்பட்டவை லோசானில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சுயஇன்பத்தால் உடலும் மனமும் அழியும் என்று அச்சமூட்டி திசோ எழுதிய நூல் 1760-இல் பிரெஞ்சில் வந்தது. அதைப் படித்த இளைஞர்கள், அதில் விவரிக்கப்பட்ட அறிகுறிகளைத் தம் உடலில் கண்டு நடுங்கி அவருக்கு எழுதினார்கள். முதுகுவலி, ஞாபகக் குறைவு, பார்வை மங்கல், அஜீரணம் என்று நூலில் கண்ட வரிசையையே தம் வாழ்க்கையில் தேடி எழுதினார்கள். வந்த கடிதங்களில் சில நூலின் பின்னாளைய பதிப்புகளில் சான்றுகளாக இடம்பெற்றன. அவற்றைப் படித்து வேறு இளைஞர்கள் எழுதினார்கள். ஒரு தவறான மருத்துவக் கோட்பாடு இப்படித் தனக்குத் தேவையான சாட்சிகளைத் தானே உருவாக்கிக்கொண்டது. அந்த இளைஞர்களின் வேதனை உண்மையானது. அவர்களுடைய பயத்தைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் அந்த வேதனைக்குக் கிடைத்த சொற்கள் மருத்துவர் கொடுத்தவை. இதை நோயாளியின் தனிக்குரல் என்று எப்படி அழைப்பது?

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது வலுவானது. நோயாளிகள் அப்படியொன்றும் பணிந்துபோகவில்லை. ஒரே சமயத்தில் பல மருத்துவர்களுக்கு எழுதி, பதில்களை ஒப்பிட்டு, பிடித்ததை எடுத்துக்கொண்டு, பிடிக்காததை ஒதுக்கினார்கள். ஜான்சன் விவகாரமே இதற்குச் சான்று. பணம் கொடுப்பவர் நோயாளி என்பதால் அதிகாரமும் அவரிடமே இருந்தது என்று ஜூசன் சொன்னதை இது உறுதிப்படுத்துவதுபோலத் தெரியும். இங்கே இரண்டு வகை அதிகாரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த ஆலோசனையை ஏற்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் நோயாளியிடம் இருந்தது, அதை மறுக்கவில்லை. எது ஆலோசனைக்கு உரிய செய்தி என்று முடிவு செய்யும் அதிகாரம் மெல்ல மருத்துவரிடம் சென்றுகொண்டிருந்தது. முதல் அதிகாரத்தை இழக்காமலேயே இரண்டாவதை இழக்கலாம். 1787 ஏப்ரல் 1 அன்று கோர்சிகாவின் அஜாக்சியோவிலிருந்து, 17 வயதான நெப்போலியன் போனபார்ட் தன் தாத்தாவின் சகோதரருடைய கவுட் நோய்க்கு ஆலோசனை கேட்டு திசோவுக்கு எழுதினார். திசோ அதைப் பதிலுக்கு உரியதாக மதிக்கவில்லை, பதில் போகவில்லை. எழுதுபவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பதிலுக்குத் தகுதியான நோய்க்கதை எது என்பதை முடிவு செய்தவர் பெறுபவர்.

இது மேட்டுக்குடியினரின் கதை மட்டும்தானே என்பது இரண்டாவது மறுப்பு. எழுதத் தெரிந்தவர்களும் பணம் உள்ளவர்களும்தான் பெரும்பாலும் எழுதினார்கள் என்பது சரி. எழுதத் தெரியாத எளியவர்களுக்கும் தொலைவிலிருந்து மருத்துவம் பெறும் வழி இருந்தது. அது வேறு வகையானது. பெர்ன் பகுதியின் லாங்னாவ் ஊரில் இருந்த மிஹாயேல் ஷூப்பாக் சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வதில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர்; ஆட்கள் குப்பியில் சிறுநீரைச் சுமந்துகொண்டு அவரிடம் போனார்கள். அங்கே கதை சொல்ல வேண்டிய தேவையே குறைவு. பல்கலைக்கழக மருத்துவர்கள் இந்த முறையை இழிவாகக் கருதினார்கள். அந்த இகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது: குப்பி பேசக்கூடாது, நோயாளியின் வரலாறு பேச வேண்டும். கடிதம் வரலாற்றைக் கேட்டது. திசோவின் பட்டியல் பாதிரியார் வழியாகக் கிராமத்து ஏழையையும் அந்தக் கேள்விகளுக்கு முன்னால் நிறுத்தியது. எனவே அந்த ஒழுங்கின் எல்லை எழுத்தறிவின் எல்லையைக் காட்டிலும் அகன்றது.

கடிதம் ஏன் தேய்ந்தது என்ற கேள்வியில்தான் வாதத்தின் உண்மையான சோதனை இருக்கிறது. தூரமே காரணமாயிருந்தால், தபால் மேம்பட மேம்பட அது வளர்ந்திருக்க வேண்டும். 1784-இல் ஜான் பாமரின் அஞ்சல் வண்டி பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே பிரிட்டன் முழுவதும் கடிதப் போக்குவரத்து விரைவுபெற்றது. ஆனால் அடுத்த தலைமுறையில் பெரிய மருத்துவர்களின் தொழிலில் கடித ஆலோசனையின் இடம் சுருங்கியது. அந்தத் திருப்பத்தின் வேர்கள் திசோவின் நூல் வந்த அதே 1761-இலேயே இருக்கின்றன. அந்த ஆண்டில் வெனிஸில் ஜோவானி பத்தீஸ்த்தா மோர்காஞ்ஞி, ஏறத்தாழ 700 நோயாளிகளின் வரலாற்றையும் இறந்தபின் அவர்களுடைய உடலில் கண்ட சிதைவையும் இணைத்துக் காட்டும் நூலை வெளியிட்டார். வியன்னாவில் லியோபோல்ட் அவுவென்புருக்கர், மார்பைத் தட்டி ஒலியால் நோயை அறியும் முறையை அறிவித்தார். அவுவென்புருக்கரின் முறையை அன்று பலர் பொருட்படுத்தவில்லை; பாரிஸ் மருத்துவர் கோர்விசார் 1808-இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே அது பரவியது. பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1816-இல் கண்டறிந்த ஸ்டெதஸ்கோப்பைப் பற்றிய நூலை 1819-இல் வெளியிட்டபோது, நோயாளியே அறியாத ஒலிகள் அவருடைய நோய்க்குச் சான்றாயின. தன் நெஞ்சுக்குள் கேட்கும் ஒலியை எந்த நோயாளியாலும் கடிதத்தில் எழுத முடியாது.

ஆயினும் இதை ஸ்டெதஸ்கோப்பின் வெற்றியாக மட்டும் சொல்லிவிட முடியாது. உள்ளுறுப்புச் சிதைவை நோயின் இருப்பிடமாக்கிய மோர்காஞ்ஞியே தம் பெருநூலை 70 கடிதங்களாக அமைத்தார். தொலைவிலிருந்து ஆலோசனை கேட்டவர்களுக்கும் எழுதிவந்தார். உடலைத் திறந்து பார்க்கும் அறிவும், பார்க்காமல் எழுதும் பழக்கமும் ஒரே மனிதரிடம் முரணின்றி இருந்தன. நோயாளி இறந்தபின் கண்ட சிதைவை, அவர் உயிரோடிருந்தபோது சொன்ன வரலாற்றோடு பொருத்தினால்தான் மோர்காஞ்ஞியின் முறைக்குப் பொருள் உண்டு. வினாவாலும் விடையாலும் ஒழுங்காகத் திரட்டப்பட்ட நோய் வரலாறு இல்லாமல் மருத்துவமனை மருத்துவமும் எழுந்திருக்காது. பாரிஸ் மருத்துவமனைப் படுக்கையருகே கேட்கப்பட்ட கேள்விகளில் பல, திசோவின் வாசகர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே கடிதங்களில் விடையளிக்கப் பழகியவை.

கடிதத்தின் இடத்தைத் தீர்மானித்தது தூரமல்ல, எதை நோயின் சான்றாகக் கொள்வது என்பதுதான்; இதற்கு மறுபக்கச் சான்று சாமுவேல் ஹானிமன். அவர் 1810-இல் வெளியிட்ட ஹோமியோபதியின் அடிப்படை நூல், நோயாளியை எப்படிப் பேசவிட வேண்டும், எப்போது குறுக்கிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று மிக விரிவாக விதிகள் வகுத்தது. உள்ளுறுப்புச் சிதைவு அவருடைய மருந்துத் தேர்வுக்கு அடிப்படையாக இல்லை. நோயாளி உணர்ந்து சொல்லும் அறிகுறிகளின் முழுத் தொகுப்பே அடிப்படை. 1821 முதல் 1835 வரை கோத்தன் நகரில் இருந்தபோது அவருடைய தொழிலில் பெரும்பங்கு தபால் வழியாகவே நடந்தது. அவருக்கு நோயாளிகள் எழுதிய கடிதங்களில் 5,000-க்கு மேற்பட்டவை இன்று ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்டெதஸ்கோப் நூல் வெளிவந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும், அதே ஜெர்மானிய நாட்டுச் சாலைகளில் அதே அஞ்சல் வண்டிகள் ஓடிய காலத்தில், சிதைவைத் தேடிய மருத்துவர்களிடம் குறைந்த கடிதம், அறிகுறிகளைத் திரட்டிய ஹானிமனிடம் பெருகியது. அங்கும் நோயாளிகள் ஹானிமனின் விதிகளின்படி, தம் அன்றாட உணர்வுகளை அவர் கேட்ட ஒழுங்கில் குறித்து அனுப்பினார்கள்.