முகமும் முத்திரையும்

ஒருவரின் முகத்தைக் காண்பது வேறு. அவரை இன்ன வகையினர் என்று முத்திரையிடுவது வேறு. ஆயினும் ஒரே நிழற்படம் இவ்விரண்டிற்கும் பயன்படக்கூடும். ஜெர்மானிய நிழற்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டரின் (1876–1964) வரலாற்றில் இதனை நாம் தெளிவாகக் காண்கிறோம்.

கொலோன் நகரில் நிழற்பட நிலையம் நடத்திவந்த சாண்டர், தம் காலத்து மக்களனைவரையும் ஒரே தொகுப்பில் அடக்க விழைந்தார். உழவர், கைவினைஞர், பெண்கள், பல்தொழில் புரிவோர், கலைஞர், நகர மாந்தர், இறுதியாக நோயுற்றோரும் உடற்குறையுடையோரும் என ஏழு பிரிவுகளை வகுத்தார். குருமாரும் இத்தொகுப்பில் இடம்பெற்றனர். படங்களின் கீழே பெரும்பாலும் பெயர் இராது. ‘சிற்றாள்’, ‘வழக்கறிஞர்’ என்பனபோன்ற குறிப்பே இருக்கும். ஆக, சாண்டரும் மனிதரை வகைப்படுத்தியவரே. எனினும் செங்கல் சுமக்கும் சிற்றாள் அப்படத்தில் எவர்க்கும் தாழாத நிமிர்வுடன் நம்மை நேர்நோக்குகிறார். கீழுள்ள சொல்லுக்குள் அந்த முகம் அடங்குவதில்லை.

இவற்றுள் 60 படங்கள் ‘காலத்தின் முகம்’ என்னும் நூலாக 1929இல் வெளிவந்தன. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். தூய இனம் என்ற ஒற்றை முகத்தைப் போற்றிய அவ்வரசிற்கு இந்நூல் ஒவ்வாமற் போனதில் வியப்பில்லை. 1936இல் அதன் அச்சுத் தகடுகள் அழிக்கப்பட்டன. 1934இல் சிறைப்பட்ட சாண்டரின் மகன் எரிக், 1944இல் சிறைவாசத்திலேயே மாண்டார்.

யூதர்கள் ‘ஜே’ என்னும் எழுத்துப் பொறித்த அடையாள அட்டையை நிழற்படத்துடன் வைத்திருக்க வேண்டுமென 1938இல் ஆணை பிறந்தது. அப்படத்திற்காகக் கொலோன் யூதர் சிலர் சாண்டரை நாடினர். அவர்களின் படங்களை அவர் பின்னர் ‘துன்புறுத்தப்பட்டோர்’ என்னும் தலைப்பில் தம் தொகுப்பிலேயே சேர்த்தார். அட்டையில் விலக்கப்பட்டவர்கள், தொகுப்பில் மக்களோடு மக்களாக நின்றனர்.

திருச்சபையின் பங்கையும் நாம் மறைத்தலாகாது. ‘ஆரியர்’ என்று மெய்ப்பிக்க வேண்டியோர் தம் பாட்டன் பாட்டியரின் ஞானஸ்நானச் சான்றைக் காட்ட வேண்டியிருந்தது. அச்சான்று சபைப் பதிவேடுகளிலேயே இருந்தது. 1933 செப்டம்பரில் பழைய பிரஷ்யத் திருச்சபையின் பேரவை, யூத மரபினரைக் குருத்துவப் பணியிலிருந்து விலக்கும் விதியை ஏற்றது. மார்ட்டின் நீமோலர் முதலானோர் குருமாரின் நெருக்கடிக்காலச் சங்கத்தை அமைத்து அதனை எதிர்த்தனர். ஆயினும் சபை அலுவலகங்களில் பதிவேடுகளைப் புரட்டிச் சான்றிதழ் எழுதித்தரும் பணி நின்றுவிடவில்லை. கிறிஸ்துவுக்குள் வேற்றுமையில்லை என்பதற்கு அடையாளமாக எழுதப்பட்ட ஏடே, மக்களைப் பிரிக்கும் கருவியாயிற்று. எழுதியவர்களுள் பலர் கொடியவரல்லர். வழக்கமான அலுவலகப் பணியைச் செய்வதாகவே எண்ணினர். நம்மை அஞ்சவைப்பது இதுவே.

நிழற்படக் கருவியோ பதிவேடோ தானாக ஒருவரையும் பிரிப்பதில்லை. நம்மிடம் ஒருவர் சான்றிதழ் கேட்டு வரும்போது, விண்ணப்பத்தின் கட்டங்களை நிரப்புமுன் அவர் முகத்தை நாம் நிமிர்ந்து பார்க்கிறோமா? நாம் எழுதித்தரும் வரி அவரை எங்கே கொண்டுசேர்க்கும் என்று கேட்கிறோமா? குருத்துவப் பணிக்கு ஆயத்தமாவோர் இக்கேள்விகளை இப்போதே தம்மிடம் கேட்டுப் பழகுதல் நலம்.