குருவானவர் இல்லாத 29 வருசம்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வரலாறு எண்டதும் பெரிய கோயில்களைத்தான் நினைப்பம். கோயில்கள் கைவிட்டுப் போன ஒரு காலமும் இருந்தது.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். கோயில்கள் சீர்திருத்தச் சபையிடம் போயின. குருவானவரை வீட்டில் ஒளித்து வைப்பது குற்றம். அரசாங்க உத்தியோகம் வேணுமெண்டா சீர்திருத்தச் சபையில் சேர வேண்டும்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். ஆர் கத்தோலிக்கர் எண்டு வெளிப்படையாக விசாரிக்க ஏலாது. அதனால கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதை அடையாளம் கண்டவர்கள் மெல்ல மெல்ல அவரோட கதைக்கத் தொடங்கினார்கள். பிறகு சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. இரவுகளில் வீடுகளுக்குள் பூசை நடந்தது.

இந்தக் கதையில் அடிகளாரின் துணிச்சலைத்தான் எல்லாரும் சொல்லுவினம். ஆனா அந்த மாலையைக் கண்டதும் விளங்கிக்கொள்ள ஆக்கள் இருந்தார்களே, அது எப்படி? 1658இல் பிறந்த பிள்ளைக்கு அப்ப 29 வயது. பூசையோ பிரசங்கமோ கேட்டு வளராத பிள்ளை. அதுக்குச் செபம் சொல்லிக் கொடுக்க வீட்டு ஆக்களை விட்டா வேற ஆர் இருந்திருப்பினம்?

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். அவரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் எங்கட கோயில்களில் வாசிக்கப்பட்டு வருகிறது. யோசவ் வாஸ் 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஒவ்வொரு நாளும் வீட்டில் செபம் சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் இல்லாட்டி அவரின் செபமாலையை அடையாளம் காண ஒருவரும் இருந்திருக்க மாட்டினம்.