பந்தியிலிருந்து அடுப்படிக்கு: தமிழகத்தில் உடனுண்ணலின் வரலாறு

முன்னுரை

சாதிப் பிரிவினை நாள் தவறாமல் புதுப்பிக்கப்பட்ட இடங்களுள் முதன்மையானது உண்ணுமிடம். யாரோடு உட்கார்ந்து உண்பது, யார் கையால் ஆக்கியதை உண்பது என்னும் இரு விதிகள் அங்கே ஆட்சி செய்தன. முதல் விதி பந்தியைச் சார்ந்தது. இரண்டாவது அடுப்படியைச் சார்ந்தது. கடந்த இரு நூற்றாண்டுகளில் தமிழகத்தில் நடந்த உடனுண்ணல் முயற்சிகளில் இவ்விரு விதிகளும் ஒரே வேகத்தில் தளரவில்லை. பந்தி முந்திக்கொண்டது; அடுப்படி பின்தங்கியது. அந்த இடைவெளி உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சத்திரங்கள்: எல்லார்க்கும் சோறு, தனித்தனியே

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தம் சத்திரங்களைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும் அங்கே சோறு கிடைக்கும் என்று அதில் பெருமையோடு குறிப்பிடுகிறார். சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியும் பிற பண்டங்களும் தனியே அளக்கப்பட்டன என்ற செய்தியும் அதிலேயே இருக்கிறது. கொடை பொதுவாக இருந்தது. அடுப்பு பொதுவாக இல்லை. பிறர் கைச்சோறு ஆகாது என்பவர்க்கும் இடமளிப்பதே நல்ல அறச்சாலையின் இலக்கணமாகக் கருதப்பட்ட காலம் அது. பசியைத் தீர்ப்பதும் பிரிவினையைத் தீர்ப்பதும் வெவ்வேறு வேலைகளாகவே இருந்தன.

சாமித்தோப்பும் வடலூரும்

இவ்விரண்டையும் ஒன்றாக்கிய முயற்சிகள் சமயத் தளத்தில் தோன்றின. தென் திருவிதாங்கூரில் சாதிக்கொரு கிணறு என்றிருந்த நாளில் அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றைப் பொதுவில் வைத்தார். எல்லாச் சாதியாரும் அதில் நீர் எடுத்தனர், உடனிருந்து உண்டனர். அவர் வழி நடந்தோரின் வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்கள் வழியே இவ்வழக்கம் ஊர்களுக்குப் பரவியது. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்குள்ளே சமத்துவத்தைப் பழகிக்கொண்ட முயற்சி இது.

இராமலிங்க அடிகளார் வேறு கோணத்தில் அணுகினார். 1867 மே 23 அன்று வடலூரில் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலைக்குப் பார்வதிபுரத்து மக்கள் நிலம் அளித்தனர். பசி எவரையும் ஒன்றுபோலவே வருத்துகிறது; ஆகவே பசித்தவரின் நாடு, சமயம், சாதி எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கத்தின் அடிப்படை. அங்கு ஏற்றப்பட்ட அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்படுகிறது. அந்த அடுப்பைச் சமயக் குறியீடாக மட்டும் பார்ப்பது போதாது. விழாப் பந்தி ஒருநாளில் முடிந்துவிடும். அன்றாட அடுப்புக்கு விறகு, அரிசி, ஆள் என்று ஓயாத கூட்டு உழைப்பு தேவை. அந்த உழைப்பே பிரிந்து கிடந்தவர்களை ஒருவரையொருவர் சார்ந்திருக்கச் செய்கிறது.

சேரன்மாதேவி: கருணையிலிருந்து உரிமைக்கு

1920களில் உடனுண்ணல் அரசியல் கேள்வியாயிற்று. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, 5,000 ரூபாயை அளித்திருந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது வெளியே தெரிந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தனர். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்பது ஐயர் தரப்பின் விளக்கம். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் பந்திபேதம் கூடாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். காந்தியின் சமரசமும் பூசலை அடக்கவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு நவம்பரில், காங்கிரசின் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமளிக்கப்படாததால் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

இந்தப் பூசல் வரலாற்றுப் போக்கில் ஒரு திருப்பம். அதுவரை உடனுண்ணல் என்பது அருளாளர்கள் கற்பித்த ஒழுக்கம். இனி அது வரி கொடுப்பவரும் நன்கொடை கொடுப்பவரும் கேட்டுப் பெறும் உரிமை. பெரியாரின் சுயமரியாதை இயக்க மாநாடுகளில் சமபந்தி வழக்கமானதும், ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கெனத் தனி இடம் ஒதுக்கும் முறை 1941இல் கைவிடப்பட்டதும் இதன் தொடர்ச்சிகள். உணவகங்களில் நுழையச் சாதி தடையாகக் கூடாது என்பதை அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு உறுதிசெய்தது. இத்தனைக்குப் பிறகும் ஊர்த் தேநீர்க் கடைகளில், ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை நீடித்தது. சட்டம் கடையின் கதவைத் திறந்தது. கல்லாவுக்குப் பின்னால் இருந்த பழக்கத்தை அதனால் எளிதில் எட்ட முடியவில்லை.

பள்ளிச் சோறு

அன்றாட அடுப்பை அரசு கையில் எடுத்தது பள்ளிகளில்தான். 1920இல், சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவருக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. 1956இல் காமராஜர் ஆட்சி மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றபோது அரசின் பங்கோடு ஊராரின் பங்கும் சேர்ந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதை மேலும் விரிவாக்கியது. பசியைப் போக்கிப் பள்ளிக்கு வரவழைப்பதே இத்திட்டங்களின் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனாலும் பல இலட்சம் பிள்ளைகள் நாள்தோறும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டது, எந்த மாநாட்டுச் சமபந்தியாலும் இயலாத அளவில் பந்திபேதத்தைக் கரைத்தது.

அப்போதுதான் இரண்டாம் விதி வெளிப்பட்டது. சத்துணவு மையத்தில் சமைக்க வந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் எதிர்ப்பு எழுந்தது. உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று பிறப்பித்த ஆணையில், பள்ளி மதிய உணவுச் சமையலர், உதவியாளர் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரப் பணித்தது. பிரிவினையின் மையம் அடுப்படி என்பதை நீதிமன்றம் சரியாக இனங்கண்டது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் இச்சிக்கல் மறையவில்லை. பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாதெனப் பெற்றோர் சிலர் தடுத்த செய்திகள் 2023இல் வெளிவந்தன. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர்.

முடிவுரை

பந்தியில் ஒருவரருகே அமர்வது ஒரு மணி நேர நிகழ்ச்சி. எழுந்தபின் அவரவர் வீட்டுக்குப் போகலாம். பிறர் கைச்சோற்றை உண்பதோ அவரை நம்பி உடலை ஒப்படைப்பது. அதனால்தான் பந்தி விதி தளர்ந்த இடங்களிலும் அடுப்படி விதி நின்று பிடிக்கிறது. விடுதலை நாளில் கோயில்களில் நடக்கும் பொது விருந்துகள் முதல் விதியின் தோல்வியை ஆண்டுதோறும் அறிவிக்கின்றன. இரண்டாம் விதியை அவை பெரிதும் தொடுவதில்லை. சமத்துவம் எவ்வளவு முன்னேறியது என்று அளக்க வேண்டுமானால், யார் யாரோடு அமர்ந்தார்கள் என்ற கணக்கைக் காட்டிலும் யார் கையில் கரண்டி இருந்தது என்ற கணக்கே நம்பகமான அளவுகோல்.