டீம் லிக்விட்: ஸ்டார்கிராப்ட் முதல் சதுரங்கம் வரை

டீம் லிக்விட் என்பது நெதர்லாந்தில் தோன்றிய தொழில்முறை மின்விளையாட்டு அணி ஆகும். கணினியிலும் கைப்பேசியிலும் பட்டத்துக்காகவும் பரிசுக்காகவும் ஆடப்படும் திறன் போட்டிகளே மின்விளையாட்டு. பேச்சு வழக்கில் இ-ஸ்போர்ட்ஸ். பணம் கட்டி ஆடும் இணைய ரம்மி வேறு, இது வேறு. ரம்மியால் குடும்பங்கள் சீரழிந்த செய்திகளைப் படித்த தமிழ்நாட்டுப் பெற்றோர் இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் மாணவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். இந்திய அரசு 2022 டிசம்பரில் மின்விளையாட்டைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பிரிவாக ஏற்றது. 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டமும் பண ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து அங்கீகரித்தது.

தோற்றம்

1998இல் அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் ஸ்டார்கிராப்ட் என்னும் போர் உத்தி ஆட்டத்தை வெளியிட்டது. தென்கொரியாவில் அது காட்டுத்தீயாய்ப் பரவியது. 1997 நிதி நெருக்கடிக்குப் பின் அங்கே தெருவுக்குத் தெரு முளைத்த ‘பிசி பாங்’ என்னும் கணினி நிலையங்கள் இதற்கு முதற்காரணம். விரைவில் இந்த ஆட்டத்தை நேரலையாகக் காட்டவே தொலைக்காட்சி அலைவரிசைகள் வந்துவிட்டன. அதே ஆண்டுகளில் நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் கூடியது பெரும்பாலும் தேர்வு முடிவு பார்க்கத்தான்.

விக்டர் கூசன்ஸ் என்ற டச்சு இளைஞர் இந்த ஆட்டத்தில் தேர்ந்தவர். சில காலம் தென்கொரியாவிலேயே தங்கி ஆடியவர். 2000இல் அவர் தொடங்கிய நண்பர் குழுவே டீம் லிக்விட். ஆட்டக்களத்தில் அவர் பெயர் ‘நாஸ்குல்’. மின்விளையாட்டில் இயற்பெயரைவிடப் புனைபெயரே நிலைக்கும். செட்டிநாட்டில் ஒரு கடையை முதலெழுத்துகளாலான விலாசத்தைச் சொல்லி அடையாளம் காட்டியது போன்றது இது.

2001இல் குழு ஓர் இணையத்தளம் தொடங்கியது. கொரியப் போட்டிச் செய்திகளை ஆங்கிலத்தில் அறிய வேறு நல்ல வழி இல்லாத காலம் அது. ஆகவே கொரியாவுக்கு வெளியே இருந்த ரசிகர்களுக்கு அத்தளமே கூடுமிடம் ஆயிற்று. அணியின் பெயர் பரவியது ஆட்ட வெற்றியால் அல்ல, இந்தத் தளத்தால்தான். பின்னர் தன்னார்வலர்கள் எழுதும் ‘லிக்விபீடியா’ என்ற கலைக்களஞ்சியமும் இதிலிருந்தே கிளைத்தது. ஒரு விளையாட்டு அணி கலைக்களஞ்சியம் நடத்துவது பிற துறைகளில் காண அரிது.

சம்பள அணியாதல்

பத்தாண்டுக் காலம் இது பொழுதுபோக்குக் குழுவாகவே இருந்தது. 2010இல் ஸ்டார்கிராப்ட்டின் இரண்டாம் பாகம் வெளியானதும் ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் தரும் அணியாக மாறியது. 2012இல் டோட்டா 2 என்ற ஐவர் ஆட்டத்திலும் நுழைந்தது. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் டீம் கர்ஸ் அணியுடன் இணைந்தது. அடுத்த ஆண்டு ஆக்ஸியோமேட்டிக் என்ற முதலீட்டுக் குழுமம் பெரும்பங்கை வாங்கியது. கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் அதன் முதலீட்டாளர்களுள் ஒருவர்.

2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியான ‘தி இன்டர்நேஷனல்’ அணிக்குப் பெரும்புகழ் தந்தது. தலைவர் குரோ தக்காசோமி ஜெர்மானியர். மற்ற நால்வர் ஜோர்டான், பல்கேரியா, பின்லாந்து, லெபனான் நாட்டவர். ‘ஐரோப்பிய அணி’ என்றாலும் ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஐரோப்பியர் அல்லர். முதன்மைச் சுற்றின் தொடக்கத்திலேயே தோற்று, இன்னொரு தோல்வி வந்தால் வெளியேற வேண்டிய கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்ட அணி, அங்கிருந்து ஒவ்வோர் ஆட்டமாக வென்று ஏறி, இறுதியில் சீனாவின் நியூபீயை 3-0 என வீழ்த்தியது. மொத்தப் பரிசு 2.4 கோடி டாலருக்கு மேல். வென்ற ஐவருக்குக் கிடைத்தது 1.08 கோடி டாலர்.

இப்பணத்தில் பெரும்பகுதியைத் தந்தவர்கள் ரசிகர்களே. வால்வ் நிறுவனம் விற்ற ‘பேட்டில் பாஸ்’ என்னும் கட்டணச் சீட்டின் வருவாயில் கால் பங்கு பரிசுத்தொகையில் சேர்ந்தது. 2023இல் நிறுவனம் இம்முறையைக் கைவிட்டது. 2024இல் கோபன்ஹேகனில் லிக்விட் மீண்டும் உலகப் பட்டம் வென்றபோது மொத்தப் பரிசே 26 லட்சம் டாலர் அளவுதான். அதே பட்டம், அதே 3-0 வெற்றி. பணம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மின்விளையாட்டை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது. ஆட்டத்தின் விதிகளும் வருவாயும் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் உள்ளன. கால்பந்துக்கோ சடுகுடுக்கோ அப்படி ஓர் உரிமையாளர் இல்லை.

சதுரங்கம் வந்த கதை

உரிமையாளர் இல்லாத ஆட்டங்களுள் ஒன்று சதுரங்கம். அது மின்விளையாட்டு ஆனது பெருந்தொற்றுக் காலத்தில். 2020இல் இணையவழியில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் இணைப்பு துண்டிக்கப்பட்டு இந்திய வீரர்கள் நேரத்தால் தோற்க நேர்ந்தது. முடிவில் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டுச் சாம்பியன்கள் என அறிவிக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் சென்னையின் பிரக்ஞானந்தா, 16 வயதில், இணையப் போட்டி ஒன்றில் மேக்னஸ் கார்ல்சனை வென்றார். அதே ஆண்டு மே மாதம் இன்னொரு தொடரில் நள்ளிரவு தாண்டி ஆடி இறுதிக்குத் தகுதி பெற்ற அவர், காலையில் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதப் போனார்.

ரியாத் நகரில் 2024இல் தொடங்கிய மின்விளையாட்டு உலகக் கோப்பையில் லிக்விட் அணிகளின் தரவரிசையில் இரண்டாம் இடம் பெற்றது. அடுத்த ஆண்டு அங்கே சதுரங்கமும் சேர்க்கப்பட்டது. பரிசு 15 லட்சம் டாலர். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். நகர்வுக்குக் கூடுதல் நொடி கிடையாது. லிக்விட் கார்ல்சனையும் பேபியானோ கருவானாவையும் ஒப்பந்தம் செய்தது. 2025 ஆகஸ்ட் 1 அன்று கார்ல்சன் இறுதியில் அலிரேசா பிரூஜாவை வென்றார். கொரியாவின் ஜென்.ஜி அணிக்காக ஆடிய தெலங்கானாவின் அர்ஜுன் எரிகைசி நான்காம் இடம் பெற்றார்.

இந்திய அணிகளும் சும்மா இருக்கவில்லை. 2020இல் இரு குழுக்கள் சேர்ந்து மும்பையில் உருவான எஸ்8யூஎல், கேரளத்தின் நிகால் சரினுடன் மதுரை திருநகரைச் சேர்ந்த அரவிந்த் சிதம்பரத்தையும் ஒப்பந்தம் செய்தது. அரவிந்த் 2024இல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் பட்டமும் 2025 மார்ச்சில் பிராக் மாஸ்டர்ஸ் பட்டமும் வென்றவர். இரண்டுமே நேரெதிரே அமர்ந்து மணிக்கணக்கில் ஆடிய ஆட்டங்கள். பத்து நிமிட ஆட்டத்துக்குச் சுட்டியை இழுக்கும் வேகமும் தடையில்லா இணைப்பும் சேர்ந்தே வேண்டும். இதைச் சதுரங்கமாகவே ஏற்கலாமா என்பதில் பயிற்சியாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.