அடுப்பில்லா வாலை

உப்புநீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்து நன்னீர் எடுப்பது பழைய வித்தை. சித்த வைத்தியர் ஓமத் தீநீர் இறக்கிய வாலையும் அதே வேலையைத்தான் செய்தது. செலவெல்லாம் விறகில். அந்த விறகைக் கடலே தரும் என்று காட்டியது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம்.

அதன் முதல் நோக்கம் தண்ணீர் அல்ல, மின்சாரம். கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் இயந்திரம் ஓட்டலாம் என்று பிரான்சின் தார்சோன்வால் 1881-லேயே சொல்லியிருந்தார். அதை நம்பி 1997-ல் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்து, தூத்துக்குடிக்கு அப்பால் மிதவைக் கப்பலில் 1 மெகாவாட் நிலையம் அமைக்க முயன்றார்கள். ஆழ்நீரை ஏற்றும் நெடுங்குழாயைக் கடலில் இறக்க முடியாமல் திட்டம் நின்றது. ஆனால் அந்தக் குழாய் வேலையில் கிடைத்த பாடம் வீண்போகவில்லை.

2005-ல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளுக்கு 1 லட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையம் ஓடத் தொடங்கியது. கரையை விட்டுச் சற்றே விலகினால் அங்கே கடல் கிடுகிடுவென ஆழமாகிவிடும். 350 மீட்டர் ஆழத்து நீர் சுமார் 12 டிகிரி, மேல்நீர் 28. காற்றழுத்தம் வெளியே உள்ளதில் நாற்பதில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்ட கலத்துக்குள் மேல்நீரை விட்டால், கைபொறுக்கும் சூட்டிலேயே அது கொதிக்கும். எழும் ஆவியை ஆழ்நீர் ஓடும் குழாய்கள் குளிர்வித்துச் சொட்டவைக்கும். 100 லிட்டர் உள்ளே போனால் ஏறக்குறைய 1 லிட்டர்தான் ஆவியாகும். மீதி கடலுக்கே திரும்பும். ஆகவே அடுப்புச் செலவு இல்லை என்றாலும் பம்புச் செலவு உண்டு. இதை இலவசத் தண்ணீர் என்பது மிகை.

2007-ல் சென்னைக்கு 40 கிலோமீட்டர் அப்பால் மிதவையில் நாளுக்கு 10 லட்சம் லிட்டர் எடுத்துக் காட்டினார்கள். கரையோரக் கடல் ஆழமற்றது என்பதால்தான் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. 2009-ல் வடசென்னை அனல்மின் நிலையத்தில் ஆழ்கடலே தேவைப்படவில்லை: மின்நிலையம் வெளியேற்றும் வெதுவெதுப்பான நீருக்கும் சாதாரணக் கடல்நீருக்கும் இருந்த சில டிகிரி வித்தியாசமே போதுமானதாக இருந்தது. 2011-ல் மினிக்காய், அகத்தி, 2024 ஜனவரியில் கட்மத் என்று தீவுகளில் இம்முறை வேரூன்றியது.

உள்நாட்டில் உள்ள வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கத்துச் சமவெளிக்கு இந்த வாலை எட்டாது; அருகில் கடலும் இல்லை, அனல்மின் நிலையக் கழிவுநீரும் இல்லை. உள்நாட்டு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணிக்குப் பொருந்தக்கூடியது வேறொன்று: குளிர்ச்சியில் நீரை உறிஞ்சி, சுமார் 32 டிகிரியைத் தாண்டியதும் கக்கிவிடும் பாலிமர்க் கூழ். வெயிலே அந்தச் சூட்டைத் தந்துவிடும். ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. அதுவரை ஊர்களில் ஆர்.ஓ. இயந்திரம்தான், அது கழிக்கும் உப்புநீர் சாக்கடைக்குத்தான் போகிறது.