சாயல் எவருடைய சொத்து?

சென்ற மாதம் ஒரு நாள், அசர் தொழுகைக்குப் பின்னர், திருவிடைமருதூரில் நம்மிடம் சிறுவயதில் அரபு ஓதிய இளைஞர் ஒருவர் வந்து அமர்ந்தார். கைபேசி விளையாட்டுகளுக்குப் படம் வரைந்து கொடுப்பது இப்போது அவர் தொழில். புதிய விளையாட்டொன்றில் வரும் மண்டபங்களும் திரைச்சீலைகளும் மயில்களும் தஞ்சாவூர் ஓவியத்தின் சாயலில் இருக்க வேண்டுமென அவருடைய முதலாளி கேட்டிருக்கிறாராம். “ஹஜ்ரத், இது பிறர் பொருளை எடுப்பதாகுமா?” என்றார்.

வழக்கறிஞரிடம் போகவேண்டிய கேள்வி என்று அனுப்பிவிட்டிருக்கலாம். ஆனால் வினா மிகப் பழையது. விளையாட்டு ஆகுமா ஆகாதா, உருவம் வரையலாமா கூடாதா என்னும் மஸ்அலாக்களை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. சதுரங்கம் ஒன்றைப் பற்றி ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்கே தனிக் கட்டுரை வேண்டும். ஒருவர் கண்டெடுத்த சாயலை மற்றவர் எடுத்தாள்வது பற்றி மட்டுமே ஈண்டுப் பேசுகிறோம்.

இஸ்தான்பூலின் தோப்காபி அரண்மனையில் சீட்டுக்கட்டு ஒன்று இருக்கிறது. 1931-இல் எல்.ஏ. மேயர் என்னும் அறிஞர் அதனைக் கண்டு அடையாளம் உரைத்தார். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கைவண்ணம் அது. கிண்ணம், நாணயம், வாள், போலோ கோல் என நான்கு இனங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் மலிக் எனும் அரசர், நாயிப் எனும் துணையதிகாரி, இரண்டாம் நாயிப். ஆனால் அரசர் அட்டையில் அரசர் உருவம் இல்லை. பொன்னும் நீலமும் இழைந்த கொடிக்கோலமும் அரபு எழுத்துமே உண்டு. இந்த ஆட்டம் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவை எட்டியது. 1379-இல் அது தம் ஊருக்கு வந்ததை இத்தாலியின் விட்டெர்போ நகர வரலாற்றுக் குறிப்பு பதிவு செய்கிறது. அது சாரசீனியரிடமிருந்து வந்ததென்றும், அவர்கள் மொழியில் அதன் பெயர் நாயிப் என்றும் ஒளியாமல் சொல்கிறது. இன்றும் ஸ்பானியர் சீட்டை நைப்பே என்றே அழைக்கின்றனர். அங்கு எவரும் போலோ ஆடாத காரணத்தால் போலோ கோல் வெறும் தடியாயிற்று. எழுத்திருந்த இடத்தில் முடியணிந்த அரசர்கள் வந்து அமர்ந்தனர்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1527-இல் பாபர், சிந்துவின் ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா சீட்டுகளை அனுப்பிய செய்தி அவருடைய வரலாற்று நூலில் உள்ளது. பாரசீகப் பெயரோடு வந்த அவ்வாட்டம் ஒரிசாவிலும் மராட்டியத்திலும் தசாவதாரச் சீட்டாக மாறிற்று. ஆட்டம் ஒன்று, படம் வேறு. கெய்ரோவின் கைவினைஞர் ஐரோப்பியர் மீதோ, பாரசீகர் பூரி நகரத்துச் சித்திரக்காரர் மீதோ வழக்குத் தொடுக்கவில்லை. தொடுக்க ஒரு சட்டமும் இருந்ததில்லை.

அவ்விளைஞர் எடுத்தாளவிருக்கும் தஞ்சாவூர் ஓவியமாவது ஒருவர் கையில் பிறந்ததா? பலாமரப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் குழைத்துப் புடைப்பு எழுப்பி, பொன் இழை ஒட்டி, கண்ணாடிக் கற்கள் பதிக்கும் அக்கலையை வளர்த்தவர்கள் ராஜூக்கள் முதலிய சித்திரக்காரக் குடும்பத்தார். நாயக்கர் காலத்துச் சுவரோவியம் அதற்கு ஒரு வேர். தக்காண சுல்தான்களின் அரசவைக் கலை மற்றொன்று. தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவிய ஏகோஜி, பிஜாப்பூர் சுல்தானின் தளபதியாகவே காவிரிக் கரைக்கு வந்தவர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) ஐரோப்பியச் சாயலும் கலந்தது. அவருக்கு அரியணையை இழந்த அமரசிம்மர் வந்து தங்கியது நம் திருவிடைமருதூரில்தான். மராட்டிய அரசவையின் இசையும் கலையும் இவ்வூர்த் தெருக்களுக்குப் புதியவை அல்ல. இத்தனை கைகள் பட்ட ஒரு சாயலுக்கு எவர் பெயரில் பட்டா எழுதுவது?

அரபு இலக்கிய ஆய்வாளர் இதனை ‘சரிகா’ என்ற தலைப்பில் நூற்றாண்டுக்கணக்கில் விவாதித்துள்ளனர். சரிகா என்றால் திருட்டு. பஸரா நகரத்துப் பேரறிஞர் ஜாஹிள் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, கருத்துகள் வழியில் கிடப்பவை, அரபியரும் பிறரும் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் அறிந்தவை, சிறப்பெல்லாம் அவற்றைச் சொல்லாக்கிய விதத்தில்தான் என்னும் கருத்துப்பட எழுதினார். கவிதையை அவர் ஒப்பிட்டது நெசவோடும் ஓவியத்தோடும். அடுத்த நூற்றாண்டில் அபூ தம்மாம், புஹ்துரீ என்னும் இரு கவிஞர்களைச் சீர்தூக்கிய ஆமிதீ, எல்லோருக்கும் பொதுவான பொருளை எடுத்தாள்வது திருட்டாகாது என்ற நிலையை எடுத்தார். ஒருவர் தனித்துக் கண்ட புதுமையை எடுத்தால்தான் குற்றச்சாட்டு.

தமிழும் இதற்கு அயலன்று. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நன்னூல் வகுக்கிறது. வழி செல்வது இழிவென்றால் அப்படியொரு வகையே தோன்றியிராது. உமறுப்புலவர் 5027 பாடல்களில் சீறாப்புராணம் செய்தபோது, நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தமிழ்க் காப்பிய நெறியிலேயே நடந்தார். அரபு மண்ணில் மருத வளம் கொழித்தது. அதைப் படித்த எவரும் காப்பியச் சாயலைக் களவாடிவிட்டார் என்று சொல்லவில்லை. அதன் ஒவ்வொரு பாடலும் அவருடையது. நமக்குத் தெரிந்தவரை, சாயலுக்கும் படைப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

நீதிமன்றங்களும் ஏறக்குறைய இவ்விடத்துக்கே வந்து சேர்ந்துள்ளன. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற தம் நாடகத்தைத் தழுவி ‘நியூ டெல்லி’ என்ற படத்தை எடுத்துவிட்டார்கள் என ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி முர்தஸா ஃபஸ்ல் அலீ. எண்ணத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை. அவை வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு. இரண்டையும் பார்த்தவர் மனத்தில் ஒன்று மற்றொன்றின் நகலே என்ற எண்ணம் ஐயமின்றி எழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனந்த் தோற்றார்.

விளையாட்டைப் பற்றியே வந்த வழக்கு 2008-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது. கல்கத்தாவின் அகர்வாலா சகோதரர்கள் ஸ்கிராபிள் என்ற சொல்லாட்டத்தைப் போன்ற ஒன்றை இணையத்தில் அமைத்து, அதற்கு ஸ்கிராபுலஸ் என்று பெயரிட்டனர். மேட்டல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பலகையின் கட்டங்களுக்கும் வண்ணங்களுக்கும் பதிப்புரிமை கோரிய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. விதியும் அதைக் காட்டும் வழியும் பிரிக்கவியலாமல் ஒன்றாகிவிட்டால், வடிவத்தைப் பூட்டுவது விதியையே பூட்டுவதாகிவிடும் அன்றோ! பெயரை மட்டும் அது விடவில்லை. ஸ்கிராபுலஸ் என்ற பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆட்டம் லெக்ஸுலஸ் என்ற வேறு பெயரில் தொடர்ந்தது. ஆனால் எங்கும் இப்படியே என்று எவரும் துணிந்துவிட வேண்டாம்: 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, டெட்ரிஸ் ஆட்டத்தின் விதிகளை எடுக்கலாம், அதன் தோற்றத்தை அப்படியே எடுத்தது குற்றம் என்று தீர்ப்பளித்துள்ளது.

பெயர் என்றதும் நம் வட்டாரம் நினைவுக்கு வருகிறது. 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ்த் தஞ்சாவூர் ஓவியம் 2007–08-இல் பதிவாயிற்று. விசிறி மடிப்புக்குப் பெயர்பெற்ற பக்கத்து ஊர்த் திருபுவனம் பட்டுக்கு 2019-இலும், நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இலும் அக்குறியீடு கிடைத்தது. இச்சட்டம் காப்பது பெயரை. எங்கோ விசைத்தறியில் நெய்ததைத் திருபுவனம் பட்டு என்று விற்றால், தறிக்குழியில் கால் வைத்து நாள்கணக்கில் நெய்தவரின் கூலி அங்கே போய்விடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் அடியில் ஈரமாயும் இருந்ததைக் கண்டு விற்றவரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நெல்லின் ஈரப்பதத்துக்காகக் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடக்கும் நம் ஊராருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குற்றம் தானியத்தில் இல்லை, மறைத்ததில் இருந்தது.

நூலுரிமையை விற்கலாகாது என்று தேவ்பந்து மரபின் மூத்த ஆலிம்கள் சிலர் கருதியதுண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், நூலுரிமை, வணிகப் பெயர், கண்டுபிடிப்பு ஆகியவை மதிப்புள்ள உரிமைகள், அவற்றில் அத்துமீறலாகாது என்று முடிவு செய்தது. நாம் இதனையே ஏற்கிறோம்.

2025 மார்ச்சில் ஜப்பானின் ஜிப்லி படக்கூடத்துச் சாயலில் உலகமே இயந்திரத்தைக் கொண்டு படம் செய்து மகிழ்ந்ததையும் அவ்விளைஞர் எடுத்துச் சொன்னார். சாயல் வேறு, அச்சாயலை இயந்திரத்துக்குக் கற்பிக்க ஊட்டப்படும் படங்கள் வேறு. முன்னதில் நாம் குற்றம் காணவில்லை. பின்னதில் ஓவியரின் கைப்பட்ட படைப்பே எடுக்கப்படுகிறது; அதற்கு அவர் அனுமதி வேண்டாமா என்பதே நம் கேள்வி.

“அப்படியானால் நான் வரையலாமா, ஹஜ்ரத்?” என்று அவர் மறுபடியும் கேட்டார். வரைந்ததைக் காட்டுங்கள், தம்பி என்றோம். கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மண்டபங்கள் அவருடையவை. மயில்களுக்கு வந்தபோது சற்றுத் தயங்கினார். ஓர் ஓவியர் விற்பனைக்கு வைத்திருந்த பலகையின் நிழற்படத்தின் மேலேயே கோடு இழுத்தவை அவை. மொத்தம் பதினொன்று. அவற்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, அந்த ஓவியரின் கடை எந்தத் தெருவில் என்று நினைவுபடுத்திப் பார்க்கத் தொடங்கினார். அதற்குள் மஃரிபுக்கு பாங்கு ஒலித்தது.