கடைசிக் கையெழுத்து: டெவில் மே க்ரை 2-ன் கதை



வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற நான் இன்னைக்கு ஒரு வீடியோ கேம் பத்தி எழுதப் போறேன். "டாக்டருக்கு என்னாச்சு?"ன்னு நினைக்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க.

போன வாரம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு போன். எங்க ஒத்தக்கடைத் தம்பி ஒருத்தர், இப்போ வெளியூர்ல ஹவுஸ் சர்ஜன். "அண்ணே, நான் டியூட்டி ஏத்து அரை மணி நேரந்தான் ஆச்சு. பேஷன்ட் இறந்துட்டார். கேஸ் ஷீட்ல கடைசிக் கையெழுத்து என்னோடது. எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. எனக்கு இந்த வேலையே வேண்டாம்ணே"ன்னு அழுறார்.

அவருக்கு நான் சொன்ன கதைதான் இது.

2006. நான் பதினொன்னாவது படிச்ச வருஷம். ஒத்தக்கடையில நரசிங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். பின்னறையில ரெண்டு பிளேஸ்டேஷன் 2. அங்கதான் டெவில் மே க்ரை எனக்குப் பழக்கம். பாழடைந்த கோட்டை, கூரான கோபுரம், உயிர் வந்து நடக்கும் பொம்மைகள். நடுவுல சிவப்புக் கோட்டு, வெள்ளை முடி, கையில வாளோட டான்டேன்னு ஒரு ஹீரோ. பேய்களை வெட்டுறது மட்டும் போதாது, ஸ்டைலா வெட்டணும். அதுக்குத் தனி மார்க் உண்டு.

கடை அண்ணன்கிட்ட ஒண்ணும் மூணும் இருக்கும். ரெண்டாவது பாகத்தைக் கேட்டா, "அது வேஸ்ட்டு தம்பி. எடுத்தவன் சரியில்ல"ம்பார்.

மூணாவது பாகம் அவ்வளவு பிரமாதம். ஒரு நாள் அதை முடிச்சேன், பெயர்ப் பட்டியல் ஓடுச்சு. இயக்குநர்: ஹிதேயாகி இட்சுனோ. அடம் பிடிச்சு ரெண்டாவது பாகத்தையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதுலயும் அதே பேர்!

அதெப்படி? தொடரோட மோசமான பாகத்தை எடுத்தவரே, ரெண்டே வருஷத்துல சிறந்த பாகங்கள்ல ஒண்ணை எப்படி எடுத்தார்? பல வருஷம் கழிச்சுத்தான் விவரம் தெரிஞ்சுது. வாங்க, ஒரு கேஸ் ஷீட் மாதிரி முதல்ல இருந்து பார்ப்போம்.

ஜப்பான்ல ஒசாகா நகரத்து நிறுவனம் கேப்காம். 1990-களின் கடைசியில ஹிதேகி கமியா என்ற இளம் இயக்குநரிடம் ரெசிடென்ட் ஈவில் தொடரின் அடுத்த பாகத்தை ஒப்படைச்சாங்க. அவர் குழு ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் போய் பழைய கோட்டைகளையும் சிலைகளையும் படம் பிடிச்சு வந்தது. ஆனா கேம் வளர வளர அது வேற ஒண்ணா மாறிப்போச்சு. பயந்து ஓடுற கதையில, பயமே இல்லாத ஹீரோ! மேலதிகாரியான ஷின்ஜி மிகாமி அதைக் கெடுக்காம, "இது தனி கேமாவே வரட்டும்"னு பிரிச்சுவிட்டார்.

அப்படிப் பிறந்ததுதான் 2001 ஆகஸ்ட்ல வந்த முதல் டெவில் மே க்ரை. 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனை. விமர்சனங்களைத் திரட்டி சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்துல 100-க்கு 94.

இங்கதான் முதல் தப்பு நடந்தது. ரெண்டாவது பாகம் எடுக்க கேப்காம் முடிவு பண்ணினப்போ, கமியாவுக்கு அதுல எந்தப் பங்கும் இல்லை. தனக்குத் தெரியாமலே எடுத்த முடிவுன்னு பின்னாளில் அவரே சொல்லியிருக்கார். வேலை நிறுவனத்துக்குள்ளேயே வேற ஒரு குழுவுக்குப் போனது. ஹேண்ட் ஓவரே இல்லாம கேஸ் கைமாறின மாதிரி.

ரெண்டாவது தப்பு, அந்தக் குழுவுக்கு முதல்ல இருந்த இயக்குநரால வேலையைக் கொண்டுபோக முடியல. அவர் பேரை கேப்காம் இன்னைக்கு வரைக்கும் வெளியிடல. முடிக்க சில மாதங்களே இருந்த நேரத்துல அவரை மாத்திட்டு, இன்னொருத்தரை உள்ளே அனுப்பினாங்க. அவர்தான் இட்சுனோ.

இட்சுனோ அதுவரைக்கும் எடுத்ததெல்லாம் ரைவல் ஸ்கூல்ஸ், பவர் ஸ்டோன், கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2 மாதிரி ஆள் மேல ஆள் மோதுற சண்டை கேம்கள். அவர் கைக்கு வந்தப்போ இது கிட்டத்தட்ட உருவே இல்லாத நிலை. வெளியாகும் தேதி நெருங்கியாச்சு. புதுசா யோசிக்க நேரமில்ல, உயிரைப் பிடிச்சு நிறுத்தினாப் போதும்.

2003 ஜனவரியில கேம் வந்தது. நான் விளையாடின அனுபவத்தை வெச்சே சொல்றேன். கோட்டையோட நெருக்கம் போய், அகலமான வெறும் தெருக்கள். எதிரிகள் எங்கேயோ நிப்பாங்க. வாளே தேவையில்ல, தூரத்துல நின்னு துப்பாக்கி பட்டனைத் தட்டிக்கிட்டே இருந்தா போதும். பேய் பிடிச்ச ராணுவ டாங்கியும் ஹெலிகாப்டரும்தான் பெரிய வில்லன்கள். வாய் ஓயாம நக்கலடிச்ச டான்டே, இதுல பேசவே மாட்டார். லூசியா என்ற நாயகிக்குத் தனி டிஸ்க் கொடுத்திருந்தாங்க. ஆனா அதுலயும் பாதி, பார்த்த இடத்தையே திரும்பப் பார்க்கிறதுதான்.

மெட்டாக்ரிட்டிக்ல 94 இருந்த இடத்துல 68. ஆனாலும் 17 லட்சம் பிரதிகள் வித்துச்சு. பேருக்காக வாங்கினாங்க. அதுக்கான விலையைக் கொடுத்தது அடுத்த பாகம். ரெண்டை விட எவ்வளவோ மேலான மூணாவது பாகத்தோட முதல் பதிப்பு 13 லட்சம்தான் வித்தது. சூடு கண்ட பூனை பாலைப் பார்த்தாலும் ஒதுங்கும் இல்லையா?

இப்போ என் கதை கொஞ்சம்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டி ஏத்தேன். வயல்ல கண்ணாடி விரியன் கடிச்ச ஒரு விவசாயி. கடிபட்டு அரை நாள், பச்சிலை வைத்தியம் பார்த்துட்டு வந்தவர். ரத்தம் உறையல, சிறுநீர் நின்னுபோச்சு. விஷமுறிவு மருந்து ஓடுது, சீனியர்கள் எல்லாம் பண்ணினாங்க. விடியக்காலை நாலு மணிக்கு என் கைக்குள்ளேயே இறந்துட்டார். அவர் மகன் என் சட்டையைப் பிடிச்சு, "நீதான்டா கொன்ன"ன்னான். ரெண்டு நாள் நான் சாப்பிடல.

இறப்பு ஆய்வுக் கூட்டத்துல பேராசிரியர் "யாரு பார்த்தீங்க?"ன்னு கேக்கல. "கடிச்சது எத்தனை மணி? ஆஸ்பத்திரிக்கு வந்தது எத்தனை மணி? மருந்து ஏறினது எத்தனை மணி?"ன்னு மட்டும் கேட்டார். போர்டுல வரிசையா எழுதினார். எழுதி முடிச்சதும் எல்லாருக்கும் புரிஞ்சுது. அந்த உயிர் போனது நாலு மணிக்கு இல்ல. அதுக்கு முந்தின நாள், வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல.

அப்புறம் என்னைத் தனியா கூப்பிட்டு, "நீ டியூட்டியில இருந்த எட்டு மணி நேரத்துல இன்னும் நல்லா என்ன செஞ்சிருக்கலாம்? அதை மட்டும் எழுதிட்டு வா"ன்னார். எழுதினேன். ரெண்டு விஷயம் இருந்தது. இன்னைக்கு வரைக்கும் மறக்கல.

இட்சுனோவும் அதைத்தான் பண்ணினார். "நான் கடைசியில வந்தவன், என் பேரை எடுங்க"ன்னு ஒதுங்கல. பழைய இயக்குநர் பேரைச் சொல்லிக் கைகாட்டவும் இல்ல. அந்தத் தோல்விதான் தன்னை உறுத்துச்சு, அடுத்த பாகத்தைத் தானே ஆரம்பத்துல இருந்து எடுக்கணும்னு கேட்டு வாங்கினதா பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

அப்படி 2005-ல வந்தது மூணாவது பாகம். கோட்டையும் கோபுரமும் திரும்பி வந்தது, டான்டேவுக்கு வாயும் திரும்பி வந்தது.

இன்னொண்ணு கவனிங்க. ரெண்டாவது பாகத்தை அவர் குப்பையில போடல. அடி வரும்போது உருண்டு தப்பிக்கத் தனி பட்டன், சுவர் மேல ஓடுறது, ஆட்டத்தை நிறுத்தாம துப்பாக்கி மாத்துறது, மாடி மாடியா எதிரிகள் வரும் 'பிளடி பேலஸ்', இதெல்லாம் அந்தத் தோத்த கேம்ல முளைச்சதுதான். பின்னாடி வந்த நல்ல பாகங்கள் அதுல இருந்து எடுத்துக்கிட்டது நிறைய. 2008-ல நாலாவது பாகம், 2019-ல அஞ்சாவது, எல்லாம் இட்சுனோ எடுத்ததுதான். 30 வருஷம் வேலை பார்த்து 2024-லதான் கேப்காமை விட்டு வெளியே வந்தார்.

அதனால நண்பர்களே, ஒரு வேலை கெட்டுப்போனா கடைசிக் கையெழுத்து யாருதுன்னு தேடுறதுக்கு முன்னாடி, அது அவர் கைக்கு எப்போ வந்தது, எந்த நிலையில வந்ததுன்னு கேளுங்க. ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி, பள்ளிக்கூடமா இருந்தாலும் சரி.

நீங்களே அந்தக் கையெழுத்துப் போட்டவரா? பழியை மொத்தமா சுமக்கவும் வேண்டாம், மொத்தமா உதறவும் வேண்டாம். உங்க கையில இருந்த நேரத்துக்கு மட்டும் கணக்கு எழுதுங்க. எழுதிட்டு அடுத்த வேலையைக் கேட்டு வாங்குங்க.

தம்பிக்கு இதைத்தான் சொன்னேன். நேத்து மெசேஜ் போட்டிருந்தார்: "அண்ணே, மூணு விஷயம் எழுதியிருக்கேன். இன்னைக்கு நைட் டியூட்டி போறேன்."

ஒரு டாக்டரா கடைசியா ஒண்ணு. பாம்பு கடிச்சா கட்டு, கீறல், பச்சிலை எதுவும் வேண்டாம். நேரா அரசு மருத்துவமனைக்குப் போங்க. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.